நேற்றைய நாளைக் கேட்கப் போனோம்

திருப்பதியில் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எனக்குப் பல வருடம் கழித்துப் பொருளாதாரத் துறையில் சேர்ந்த ஒரு விரிவுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய மாணவர்கள் சிலர் ஆன்மிகத்துக்கு மக்கள் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்யத் திட்டம் போடுகிறார்களாம். துறைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, எத்தனை கேள்வி வைத்தாலும் அது கூட்டிக் கழித்துவிடும் என்று எண்பத்து நான்கு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார்களாம். "ஆரம்ப காலத்தில் நீங்கள் இதே மாதிரி ஒன்று செய்ததாகச் சொல்கிறார்கள். எப்படித் திட்டமிட்டீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஆய்வில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் மாணவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. அதைச் சேர்த்து எழுதினால் இரண்டு பக்கம் போதாது.

என் ஊர் சித்தூர். மிஷன் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இரண்டும். சென்னையில் பி.ஏ., எம்.ஏ. படித்தேன். படித்து முடிக்கும்போது ஆந்திர மாநிலம் பிரிந்துவிட்டது. சென்னைக்குப் போகும்போது ஒரு மாநிலமாக இருந்த ஊர், திரும்பி வரும்போது வேறு மாநிலமாக இருந்தது. திருப்பதிக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. புள்ளியியல் பாடம் நடத்தும் ஒரே பெண் நான்தான்.

எங்கள் துறைத் தலைவர் பெயர் ராகவையா. சந்திரகிரிக்காரர், தெலுங்கர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழில் நடு நடுவே தெலுங்கு வந்து உட்கார்ந்து போகும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். தவறு என்று எதையும் அடிக்க மாட்டார். பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். புள்ளி ஏன் வந்தது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் போய்க் கேட்கலாம். கேட்டால், "இந்தப் பதிலை வெச்சிக்கினு நீங்க ஏமி செய்வீங்க, சுகிர்தம்மா?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து பல பேர் புள்ளியைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

ஆய்வு தொடங்கியது ஒரு சண்டையில். கல்லூரியில் சொற்பொழிவு ஆற்ற வந்த ஒருவர், நம் கிராமத்து மக்கள் கோயில் குளம் என்று பாதிப் பொழுதை வீணாக்குகிறார்கள், அதனால்தான் முன்னேற்றம் இல்லை என்று பேசிவிட்டுப் போனார். அடுத்த நாள் வகுப்பில் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். சத்தம் கேட்டு ராகவையா வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"வீணா, வீண் இல்லையா என்பது அப்புறம்" என்றார். "பாதிப் பொழுது என்று அவருக்கு யார் சொன்னது? யாராவது போய்ப் பார்த்தார்களா?"

யாரும் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று முன்வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி வசுந்தரா, சந்திரகிரிப் பக்கத்துத் தெலுங்குப் பெண். மற்றவள் நாகரத்தினம், நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண், நெசவுக் குடும்பம். அவர்களை வைத்து ஆய்வைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் கேள்வியை நான் இப்படி எழுதினேன்: 'தினமும் எவ்வளவு நேரம் பூஜை செய்கிறீர்கள்?' புள்ளி வந்தது. என்னவென்று உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் பூஜை கிடையாது, ஜெபம்தான். என் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், "நாங்க அதெல்லாம் பண்றதில்லை" என்று கதவைச் சாத்துவார். 'கடவுளை வணங்க எவ்வளவு நேரம்' என்று மாற்றினேன். மறுபடியும் புள்ளி. இந்த முறை புரியவில்லை. விடுதிச் சமையல்காரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "எப்பவும்தான் சாமியை நினைச்சிக்கினு இருக்கேன்" என்றார். பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்டேன். "எங்கேம்மா நேரம் கிடைக்குது?" என்றார். அந்தச் சமையல்காரம்மா விளக்கேற்றி நான் பார்த்ததில்லை. அந்தக் குமாஸ்தா தினமும் காலையில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. என் கேள்வி அப்படிப்பட்ட பதிலைத்தான் வாங்கும்.

வழி சொன்னது நாகரத்தினம். ஒரு நாள் மதியம் என் அறையில் உட்கார்ந்து மூன்று பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"மேடம், எங்க அத்தைகிட்ட சாமியைப் பத்திக் கேட்டீங்கன்னா பெருமை பேசும். நேத்து இன்னா பண்ணேன்னு கேட்டீங்கன்னா உள்ளதைச் சொல்லும்."

அப்படியே எழுதினோம். 'நேற்று எழுந்ததிலிருந்து படுத்த வரை என்ன என்ன செய்தீர்கள்?' கடவுள் என்ற சொல்லே கேள்வியில் இல்லை. அவர் எங்கே வருகிறாரோ அங்கே வரட்டும் என்று விட்டுவிட்டோம். ராகவையா அந்தத் தாளைக் கீழிருந்து மேலே படித்தார். பழைய புள்ளியை ரப்பரால் அழித்தார். "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் கேட்டது அன்றுதான் முதல் முறை.

அடுத்த சிக்கல் கடிகாரம். கிராமத்தில் யாரிடமும் கைக்கடிகாரம் இல்லை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்றால் என்ன சொல்வார்கள்? அதனால் ஆய்வுக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்ததும், படிவம் எழுதத் தொடங்குவதற்கு முன்னால், அந்த ஊரின் நேர அடையாளங்களைப் பட்டியல் எடுத்தோம். அரக்கோணம் போகும் காலைப் பாசஞ்சர் எப்போது தாண்டும், ஆலைச் சங்கு கேட்குமா, பள்ளிக்கூட மணி எப்போது அடிப்பார்கள், பஜனைக் கோயிலில் விளக்கு எப்போது வைப்பார்கள், எல்லாம் வந்தது. இந்தப் பெண்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து மூன்று நாள் ரயில் தாமதத்தைக்கூடக் குறித்து வந்தார்கள். 'பாசஞ்சர் போன அப்புறம் தண்ணிக்குப் போனேன்' என்று ஒரு பெண் சொன்னால் அது எத்தனை மணி என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். இப்போதைய மாணவர்கள் எண்பத்து நான்கு கேள்வி எழுதியதைவிட, இப்படி ஒரு ஊரில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

சந்திரகிரியில் ராகவையாவின் சொந்தத் தெருவில் பத்து வீட்டில் சோதித்துப் பார்த்தோம். நன்றாக வந்தது. கடைசியாக, படிவத்தின் தலையில் வழக்கமான விவரங்களுக்குக் கட்டங்கள் போட்டேன். பெயர், தெரு, வயது, தாய்மொழி.

தாய்மொழிக்கு எதிரே ராகவையா புள்ளி வைத்திருந்தார். பார்த்தேன். போய்க் கேட்கவில்லை. நான் படித்த படிவங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருந்தது. அது இல்லாவிட்டால் படிவம் அரைகுறையாகத் தெரியும் என்று நினைத்தேன். 'இந்தப் பதிலை வைத்து என்ன செய்வீர்கள்' என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நேரே கொண்டு போய் ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து நூறு படி எடுத்துவிட்டேன். கடைசி முடிவு உங்களுடையது என்று ஆரம்பத்திலேயே அவர் என்னிடம் சொல்லியிருந்ததால் தடுக்கவில்லை.

அந்தச் சமயம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணி எல்லாம் ஆந்திராவோடு இருக்க வேண்டுமா, சென்னை மாநிலத்தோடு சேர வேண்டுமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகத் தமிழ் வீடு எத்தனை, தெலுங்கு வீடு எத்தனை என்று இரண்டு தரப்பும் எண்ணினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். பல வருடம் ஒன்றாக இருந்த தெருக்களில் நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்துவிட்டது. இதெல்லாம் பத்திரிகையில் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் படிவத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் ஒரு நெசவு ஊர். பெயர் வேண்டாம். இரண்டு தெரு. ஒன்றில் தமிழ் பேசும் நெசவாளர்கள், மற்றொன்றில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள். தெருக்கள் கூடும் முனையில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பஜனைக் கோயில். நாகரத்தினத்தின் அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் வீட்டில் தங்கி இரண்டு பெண்களும் படிவம் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு வகுப்பு இருந்ததால் முதல் நாள் மட்டும் கூட இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஐப்பசி மாதம், நல்ல மழை.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு பேரும் நனைந்துபோய்த் துறை வாசலில் வந்து நின்றார்கள். வசுந்தரா அழுதுகொண்டிருந்தாள். கையில் படிவப் பை இல்லை.

ராகவையா அவர்களை உட்கார வைத்தார். "நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதெல்லாம் வேண்டாம். முதலில் என்ன, அப்புறம் என்ன, அது போதும்" என்றார்.

நடந்தது இதுதான். முனை வீட்டில் கன்னியம்மா என்று ஒரு பெண். தெலுங்குத் தெருவில் பிறந்து, தமிழ்த் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வசுந்தரா அவளிடம் தெலுங்கில் பேச்சுக் கொடுத்ததால் அவளும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். தாய்மொழிக் கட்டத்தில் வசுந்தரா 'தெலுங்கு' என்று எழுதினாள். பக்கத்தில் நின்று பார்த்த யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். கன்னியம்மாவின் கணவருடைய தம்பி கோபால், சென்னையோடு சேர வேண்டும் என்று அந்த ஊரில் கையெழுத்து வாங்குகிறவர். தன் சொந்த வீட்டிலிருந்தே தெலுங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரம். அத்தை வீட்டுக்கு வந்து பையைப் பிடுங்கிக்கொண்டார். இருபத்திரண்டு படிவங்கள். கல்லூரி என்று சொல்லிக்கொண்டு ரகசியமாகத் தலை எண்ண வந்திருக்கிறார்கள், இதை மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணியின் சமையலை இனி தொட மாட்டேன் என்று அவர் சொன்னதும் அந்தக் கூட்டுக் குடும்பம் அவளைத் தனி அடுப்பு வைக்கச் செய்துவிட்டது. சாயங்காலப் பஜனைக்குப் போனவளைப் பெண்கள் பக்கத்தில் உட்கார விடவில்லை.

 அவர்கள் சொல்லி முடித்ததும் நான் ராகவையாவின் முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்தக் கட்டம் நான் வெச்சது. நீங்க புள்ளி வெச்சிருந்தீங்க. நான் பார்த்தும் வந்து கேட்கலை" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி வசுந்தராவைப் பார்த்தார். "அந்த அம்மா இப்போ எங்கே சாப்பிடுகிறார்?"

"தெரியாது சார்."

"அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலை பஸ்ஸுக்குப் போகலாமா, சுகிர்தம்மா?"

அதற்குள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. ஆய்வை உடனே நிறுத்துங்கள், படிவத்தைச் சத்தம் இல்லாமல் திரும்ப வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் துறையே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். வேலை நிரந்தரமாகாத காலம் எனக்கு. சித்தூருக்குத் திரும்பிப் போய் நைனாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும், மாணவிகள் இரண்டு பேருமாகப் போய் இறங்கினோம். தெருவெல்லாம் சேறு. குடையைப் பிடித்துக்கொண்டு நேரே பஜனைக் கோயிலுக்குப் போனோம். கோபால் அங்கேதான் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பை அவர் மடியில் இருந்தது. சுற்றிலும் இருபது முப்பது ஆண்கள். தூரத்தில் பெண்கள். தறிச் சத்தமே இல்லை.

ராகவையா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தார். பேசவில்லை. அவர் பேசப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. இது என் வேலை.

"தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன். சென்னைத் தமிழ் அதற்குள் எங்கோ போய்விட்டது, சித்தூர்ப் பேச்சுதான் வந்தது. "நீங்க இன்னா வேலை செய்றீங்க, எப்ப சாமி கும்புடறீங்க, இது தெரிஞ்சிக்கத்தான் வந்தோம். அதுக்கு பாஷை தேவையே இல்லை. தேவை இல்லாததை நான் கேட்டுட்டேன். இந்தப் பொண்ணுங்க மேல தப்பு இல்லை."

"தேவை இல்லைன்னா ஏன் கேட்டீங்க?" என்றார் கோபால்.

"எல்லாப் படிவத்துலயும் இருக்குதேன்னு வெச்சிட்டேன். யோசிக்கலை."

அவர் நம்பவில்லை. "யோசிக்காம யாராச்சும் எழுதுவாங்களா? நீங்க தமிழா, தெலுங்கா?"

"தமிழ்தான். சித்தூரு. கிறிஸ்துவங்க."

"தமிழ்க்காரங்களே வந்து எங்களை தெலுங்குன்னு எழுதிக்கினு போறீங்களே!"

கூட்டத்தில் சலசலப்பு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்கூட்டியே நினைத்துப் போனதில்லை. "ஒரு கத்திரிக்கோல் கொடுங்க" என்றேன். நெசவு ஊரில் கத்திரிக்கோலுக்கா பஞ்சம்? யாரோ உடனே நீட்டினார்கள். "அந்தப் பையைக் கொடுக்க வேணாம். நீங்களே ஒவ்வொண்ணா எடுங்க. மேலே பேரும் தெருவும் பாஷையும் இருக்கிற துண்டை வெட்டுங்க. அந்தந்த வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்துடுங்க. அவங்க கிழிக்கட்டும், அடுப்புல போடட்டும். கீழே மிச்சம் இருக்கிறதுல யாரு என்னன்னு எங்களுக்கே தெரியாது."

நான் ராகவையாவைப் பார்த்தேன். பெயரும் முகவரியும் போனால் சரிபார்க்க வழி இல்லை. படித்த முறைப்படி அந்தப் படிவம் பாதி செத்தது மாதிரி. அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

கோபால் கத்திரிக்கோலை வாங்கிப் பையைத் திறந்தார். பிறகு முதல் தாளை வெட்டினார். பெயரைப் படித்துக் கூப்பிட்டார். ஒரு கிழவர் வந்து துண்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது. கன்னியம்மாவின் தாள் வந்ததும் கோபாலின் கை நின்றது.

"அண்ணி" என்று கூப்பிட்டார். பெண்கள் கூட்டத்துக்கும் பின்னால் சுவரோரம் தனியாக நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். விரலெல்லாம் சாயம். "தெலுங்குன்னு எழுதிக்கிது. நீ சொன்னியா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் இன்னா சொன்னேன்னு அதுகிட்டயே கேளு" என்றாள் அவள். கோபால் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "சாமி கும்புடறது தெலுங்குல, உன்கூட சண்டை போடறது தமிழ்லன்னு சொன்னேன். அங்க எடம் ஒரு வார்த்தைக்குத்தான் இருந்துச்சு. பாதியை எழுதிக்கிச்சு."

யாரோ சிரித்தார்கள். கோபாலின் முகம் சிவந்தது. ஆனால் அவருக்கும் வாய் கோணியது, அடக்கப் பார்த்தார். வசுந்தராவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பதிலை முழுசாக எழுத நான் அவளுக்கு இடமே கொடுக்கவில்லை.

கோபால் அந்தத் துண்டை வெட்டி அண்ணியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீயே கிழி. நீதானே எடுத்துக்கினு வந்த" என்றாள். அவர் கிழித்தார்.

"மிச்சம் கீழே இன்னா எழுதிக்கிறாங்க?" என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"அவங்கவங்க நாள்" என்றேன். "அதை வேற யாருக்கும் படிச்சிக் காட்ட மாட்டோம்."

"என்னுதைப் படி" என்றாள் கன்னியம்மா. "ஊரே பார்த்துக்கினு இருக்குது. நான் அப்பிடி இன்னா எழுதிக் குடுத்தேன்னு கேக்கட்டும்."

நாகரத்தினம் படித்தாள். பாசஞ்சருக்கு முன்னால் எழுந்தது, வாசல் தெளித்தது, தண்ணீருக்கு இரண்டு நடை, கேழ்வரகுக் களி கிண்டியது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, பள்ளிக்கூட மணியிலிருந்து மதியம் வரை தறிக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றியது, மாமியாருக்குச் சோறு கொடுத்தது, மறுபடி ராட்டை, விளக்கு வைத்தது, பஜனை. எங்களுக்குப் பழகிப்போன பட்டியல். ஆனால் அந்தக் கூட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் ஒரு நாளை யாரும் அவர்களுக்கு வரிசையாகப் படித்துக் காட்டியதில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய கணவர் முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இரு, இரு" என்றாள் கன்னியம்மா. "தார் சுத்தினேன்னு மட்டும் போட்டுக்கீறீங்க. நான் கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிக்கினுதானே சுத்தினேன்?"

"வேலை வேற, சாமி வேற" என்றார் கோபால்.

"உனக்கு வேற. எனக்கு கையி ஒண்ணு செய்யும், வாயி ஒண்ணு சொல்லும்."

"அப்படிப் பார்த்தா நானும் தறியில பாடிக்கினுதான் இருக்கேன்" என்றார் தெலுங்குத் தெருக்காரர் ஒருவர். "நீ பாடறது சினிமாப் பாட்டு" என்றார் இன்னொருவர். சிரிப்பு. அப்புறம் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எது வேலை, எது சாமி, மனசுக்குள் சொன்னால் கணக்கா, வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கா. கொஞ்ச நேரம் முன்னால் எந்த மொழி என்று நின்றுகொண்டிருந்த கூட்டம் இரண்டு மொழியிலும் இதைச் சண்டை போட்டது. ராகவையா தூணோரத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறதே, சுகிர்தம்மா" என்றார்.

அன்று அங்கேயே படிவங்களில் கையால் ஒரு கோடு போட்டோம். 'அதோடு கூட' என்று ஒரு புதிய கட்டம். கை ஒன்று செய்யும்போது வாய் செய்வதை எழுத. இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தங்கள் தாளை மறுபடி சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் சில வீடுகள் தாமாகவே கூப்பிட்டன.

கிளம்பும்போது ராகவையா முருகேசனைத் தனியாக அழைத்து ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வாரம் நாங்கள் போனபோது அந்த வீட்டில் ஒரு அடுப்புதான் எரிந்தது. கன்னியம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். "துன்னுட்டுப் போ டீச்சர்" என்றாள். கோபால் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல்வரிடம் ராகவையா என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதும் எனக்குத் தெரியாது. ஆய்வை நிறுத்தும்படி மறுபடி யாரும் சொல்லவில்லை.

தை மாதத்தில் மாணவிகள் அறிக்கையை எழுதி முடித்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. ஊருக்குக் கொண்டு போய் அங்கேயும் சொல்ல வேண்டும் என்றாள் வசுந்தரா. அது எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்று, அவளே கேட்டாள். அதே பஜனைக் கோயிலில், அவள் தெலுங்கிலும் நாகரத்தினம் தமிழிலுமாக மாறி மாறிச் சொன்னார்கள். சொற்பொழிவாளர் சொன்ன மாதிரி பாதிப் பொழுது இல்லை. ஆனாலும் சந்திரகிரியில் பார்த்ததைவிட இங்கே பஜனைக்கு நிறைய நேரம் போகிறது, நெசவாளர்கள் அதிகப் பக்தி உள்ளவர்கள் என்று முடித்தார்கள். ஊருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தோம்.

கோபால் எழுந்தார். "அது தப்பு" என்றார்.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"நீங்க வந்தது ஐப்பசியில" என்றார். "தறிக்குழியில தண்ணி ஊறி நின்னுக்கினு இருந்துச்சு. காலை எங்க வெக்கறது, எப்பிடி மிதிக்கிறது? நீட்டிக் கட்டற பாவு நூலும் காயாது. வேலை இல்லைன்னா பஜனைக்குப் போகாம வேற எங்க போவோம்? அதை பக்தின்னு போட்டுக்கீறீங்க. பாதி மழை அது."

அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டுதான் போனோம். சேற்றில் நடந்தோம். தறிச் சத்தம் இல்லை என்பதைக்கூட நான் கவனித்திருந்தேன். இருந்தும் ஏன் என்று கேட்கவில்லை.  ராகவையா எழுந்து, கூட்டத்துக்கு நடுவே போய், கோபாலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எம்.ஏ. படித்தவர்கள் மூன்று தடவை வந்து போனோம், எங்களுக்குத் தெரியவில்லையே அப்பா!" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இப்போது என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்."

"பங்குனியில வாங்க" என்றார் கோபால். "தறி ஓடறப்ப வந்து கேளுங்க. ரெண்டையும் சேர்த்துப் போடுங்க."

அந்த அறிக்கையை வசுந்தராவும் நாகரத்தினமும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பரீட்சை நெருங்கிய நேரம். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பின்னாளில் வசுந்தரா அனந்தபூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஆனாள். நாகரத்தினம் சர்க்கார் புள்ளியியல் அலுவலகத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போகும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். எல்லைத் தகராறும் பிறகு முடிவுக்கு வந்தது. திருத்தணி சென்னையோடு போயிற்று. நாங்கள் போன ஊர் ஆந்திராவிலேயே நின்றது. கோபாலுக்கு அது பெரிய வருத்தம்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். ஆனால் பஜனைக் கோயில் ஒன்றாகவே இருந்தது, இரண்டு தெருவும் அங்கேதான் கூடியது.

பங்குனியில் நான் மட்டும் முதல் பஸ்ஸில் போனேன். பெண்கள் மதிய வண்டியில் வருவதாக ஏற்பாடு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. இரண்டு தெருவிலும் வாசல் முழுக்கப் பசை போட்ட பாவு நூலைக் காய நீட்டிக் கட்டியிருந்தார்கள். கால் வைக்க இடம் இல்லை. நூலுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் போக வேண்டியிருந்தது. பாதித் தூரத்தில் கோபால் எதிரே வந்தார். தோளில் துண்டு, கையில் கஞ்சிப் பசை, மடித்த ஒரு நோட்டுத் தாள்.

"டீச்சர், நேத்திக்கு நான் செஞ்சதை நானே எழுதி வெச்சிட்டேன்" என்று தாளை நீட்டினார். "பாடினதையும் போட்டுக்கிறேன். சந்தேகம் இருந்தா சீக்கிரம் கேளுங்க, பாவு காய்ஞ்சிக்கினு இருக்குது."

நான் தெருவில் நின்றபடியே பேனாவைத் திறந்தேன்.